புதிய செல்போன் வருமுன் தோட்டத்துச் சிக்னலைச் சோதியுங்கள்

நீலகிரி மாவட்டத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்குச் செல்போன் இன்று கவ்வாத்துக் கத்திக்கு அடுத்த கருவியாகிவிட்டது. பறித்த பசுந்தேயிலையை ஏற்ற வண்டி எப்பொழுது வரும் என்று கேட்பதும், தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையை அறிவதும், தொழிற்சாலையிலிருந்து பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்ப்பதும் இதன் வழியாகவே நடைபெறுகின்றன. பறித்த இலை சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் சில மணி நேரத்திலேயே சூடேறிச் சிவக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் வண்டிக்காரரின் எண்ணை அழைத்து, ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்’ என்ற குரல் மட்டுமே கேட்டால் இழப்பு விவசாயிக்கே.

இந்தக் கருவி பழுதாகி, புதியது வாங்கக் காத்திருக்கும் விவசாயிகள் பலர். பண்டிகைத் தள்ளுபடி வரட்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பட்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அருவங்காட்டுக்கு மேலே ஒன்றேகால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் தம் மகன் கோவையிலிருந்து புதிய போன் கொண்டு வரப் போவதாகச் சொன்னார். “எந்தக் கம்பெனி சிம் போடப் போகிறீர்கள்?” என்று கேட்டேன். “கோவையில் மகன் எது வைத்திருக்கிறானோ அதையே நானும் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன் சார்” என்றார்.

கோவையில் நன்றாக விளைகிறது என்பதற்காக ஒரு சோள ரகத்தை அருவங்காட்டில் யாரும் விதைப்பதில்லை. சிம் கார்டு விஷயத்தில் மட்டும் அதைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். முதலில் போனை வாங்கி, பிறகு கம்பெனியைத் தேர்ந்து, கடைசியில் தோட்டத்தில் நின்று சிக்னலைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். புதிய போனுக்காகக் காத்திருக்கும் சில வாரங்கள், எந்தக் கம்பெனியின் சிக்னல் தம் நிலத்துக்கு எட்டுகிறது என்று சோதித்தறிய மிகவும் ஏற்ற காலம். கம்பெனியை மாற்றிய பின், அடுத்த மாற்றத்திற்கு 90 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும் என்பது விதி. தவறான கம்பெனியில் சேர்ந்துவிட்டால் ஒரு பருவமே கையை விட்டுப் போய்விடும்.

மலையில் சிக்னலின் போக்கு

அருவங்காடு குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே, மலை ரயில் பாதையை ஒட்டிய பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். 1900-களின் தொடக்கத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்த பிறகே ஊர் வளர்ந்தது. இருபுறமும் சரிவுகள். சரிவுகளில் தேயிலை, இடையிடையே சோலைகள், மேட்டில் ஹட்டிகள். இத்தகைய நிலத்தில் ஒரு கோபுரத்தின் அலை ஒரு சரிவில் நன்றாக விழும். அதே மலையின் மறுபுறச் சரிவில் நிழல் விழுந்தாற்போல் இல்லாமற் போகும். சமவெளியில் மூன்று கிலோமீட்டருக்கு எட்டும் சிக்னல் இங்கே முந்நூறு மீட்டரில் ஒரு மேட்டில் மோதி நின்றுவிடலாம். ஆகவே, ‘எங்கள் ஊரில் இந்தக் கம்பெனிதான் சிறந்தது’ என்று ஒருவர் சொல்வது அவர் வீட்டு முற்றத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அலைகள் எல்லாம் ஒரே வகைப்பட்டவையும் அல்ல. 700 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு முழம். 2300 மெகா ஹெர்ட்ஸ் அலை 13 சென்டிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை. 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகா ஹெர்ட்ஸ் பகுதி அலை நான்கைந்து விரற்கடைதான். நீண்ட அலை மேட்டைச் சற்று வளைந்து சுற்றிச் செல்லும். மரங்களையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். குட்டையான அலை நிறைய டேட்டாவைச் சுமந்தாலும் தடை எதிர்ப்பட்டால் நின்றுவிடும். மலை விவசாயிக்கு வேகத்தைவிட எட்டும் தூரமே முக்கியம். ஆகவே 700, 850, 900 மெகா ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நமக்கு உற்ற துணை.

நாடளவில் பார்த்தால், ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 ஆகிய அலைவரிசைகளில் இயங்குகிறது. ஏர்டெல், வி ஆகியவை பொதுவாக 900, 1800, 2100 போன்றவற்றைப் பயன்படுத்துகின்றன. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலான 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27-ஆம் நாள் சுமார் 97,500 கோபுரங்களுடன் நாடெங்கும் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் 700, 2100 அலைவரிசைகள் பயன்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் பி.எஸ்.என்.எல்.-ஐக் கைவிட்டவர்கள் பழைய எண்ணத்திலேயே இராமல் அதையும் சேர்த்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் எந்தக் கம்பெனி எந்த அலைவரிசையை எந்தக் கோபுரத்தில் ஏற்றியிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். கம்பெனிகள் தங்கள் இணையதளங்களில் வெளியிட்டுள்ள சிக்னல் வரைபடங்களை முதற்கட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம். வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடத்திலும் நம் தேயிலைப் பாத்தி மேட்டின் மறைவில் இருக்கக்கூடும்.

சோதிக்கும் முறை

இதற்குச் செலவு ஏதுமில்லை. எந்த ஹட்டியிலும் அண்டை வீடுகளில் நான்கு கம்பெனி சிம்களும் இருக்கும். அவர்களைப் போனுடன் ஒரு நாள் தோட்டத்துக்கு அழைத்து வாருங்கள். போனின் அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குச் சென்றால் ‘சிம் நிலை’ என்ற இடத்தில் சிக்னல் வலிமை ஓர் எண்ணாகத் தெரியும். எண்ணுக்கு முன் மைனஸ் குறி இருப்பதால் எண் சிறிதாக இருப்பதே நல்லது. 4ஜி சிக்னல் மைனஸ் 90-க்குள் இருந்தால் மிகவும் நன்று. மைனஸ் 100-ஐ ஒட்டியிருந்தால் பேசவும் பணம் அனுப்பவும் போதும். மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். பத்து எண் வித்தியாசம் என்றால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று பொருள். ஆகவே மைனஸ் 95-க்கும் 105-க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிதாக எண்ணலாகாது. திரையில் தெரியும் கோடுகளை நம்பி முடிவு செய்யவும் வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்ட கணக்கு.

மூன்று இடங்களில் அளப்பது அவசியம். வீட்டுக்குள் சமையலறையில் ஒன்று, இலை எடை போடும் இடத்தில் ஒன்று, தோட்டத்தின் கடைக்கோடி மூலையில் ஒன்று. கடைக்கோடி மூலையை விட்டுவிட வேண்டாம். காட்டெருமையோ கரடியோ எதிர்ப்படுவதும், பறிக்கும் பெண்கள் வழுக்கி விழுவதும் அங்கேதான். காலையில் ஒரு முறையும், எல்லோரும் போனில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரவில் எண் நன்றாக இருந்தும் படம் ஓடவில்லை என்றால் கோபுரத்தில் கூட்டம் அதிகம் என்று அறியலாம். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா சீசன் களைகட்டும்போது குன்னூர்–ஊட்டி சாலையை ஒட்டிய கோபுரங்களுக்கும் சுமை கூடுமாதலால், அச்சமயத்தில் எழுதிய குறிப்பு மிகவும் பயனுடையது.

மழை நாளில் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். பனிமூட்டமும் மழையும் சிக்னலைக் குறைக்கின்றன என்பது பலருடைய எண்ணம். செல்போன் அலைகளை மழையோ மூடுபனியோ அதிகம் பாதிப்பதில்லை. சிக்கல் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு கோபுரமும் ஊருக்கு வெளியே உள்ள மையத்தோடு இணைய வேண்டும். சில கோபுரங்கள் கண்ணாடியிழைக் கேபிள் மூலம் இணைகின்றன. சில மலை விட்டு மலைக்கு நுண்ணலைத் தட்டுகள் மூலம் இணைகின்றன. தட்டுகளுக்கிடையே ஓடும் நுண்ணலை பலத்த மழையில் தளர்ந்துவிடும். அப்பொழுது போனில் சிக்னல் முழுதாக இருக்கும், நெட் மட்டும் வராது. கேபிளில் இணைந்த கோபுரத்துக்கு மழையால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கேபிள் சாலையோரமாகவே செல்வதால், மண் சரிந்தால் அதுவும் சேர்ந்து அறுபடும். கொட்டும் மழையில் எந்தக் கம்பெனியின் நெட் நின்றது, எது நிற்கவில்லை என்று இரண்டு மழைகளில் பார்த்துவிட்டால் இந்த விவரமெல்லாம் தெரியாமலே விடை கிடைத்துவிடும்.

வீட்டுக்குள் மட்டும் சிக்னல் இல்லை, ஆனால் கேபிள் வழி இணையம் இருக்கிறது என்றால், ‘வைஃபை காலிங்’ வசதியுள்ள போனாகப் பார்த்து வாங்கினால் போதும். சந்தையில் ‘பூஸ்டர்’ என்ற பெயரில் விற்கும் கருவிகளை வாங்கி மாட்டவே கூடாது. அனுமதியின்றி அவற்றை வைப்பது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தார் சிக்னலையும் அவை கெடுக்கும்.

அதன் பிறகே போன்

நோட்டைப் பார்த்து நமக்கு ஏற்ற கம்பெனியை முடிவு செய்தபின் போனைப் பார்க்கலாம். அக்கம்பெனியின் தாழ்ந்த அலைவரிசை போனில் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. கடைக்காரரிடம் ‘பேண்ட்’ எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். 700-க்கு பேண்ட் 28, 850-க்கு 5, 900-க்கு 8. இந்தியாவில் விற்கும் புதிய போன்களில் இவை பெரும்பாலும் இருக்கும். எனினும் விலை மிகக் குறைந்த சில ரகங்களிலும், வெளிநாட்டு உறவினர்கள் கொண்டு வரும் போன்களிலும் இல்லாதிருக்கலாம். வெளிநாட்டுப் போன் அந்நாட்டுக் கம்பெனிக்கென்றே பூட்டப்பட்டதாகவும் இருக்கக்கூடும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது. ஆகவே பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம் பேசாது. 4ஜி பட்டன் போன் வேண்டும்.

மலைக்கு வேண்டிய மற்றக் குணங்கள் சில. சிக்னல் தளர்ந்த இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டிக் கூவி அழைப்பதால் பேட்டரி விரைவில் இறங்கும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் குளிராலும் பேட்டரி மங்கும். ஆகையால் பெரிய பேட்டரி உள்ளதாகப் பார்க்க வேண்டும். போனை வெளிச்சட்டைப் பையில் வைக்காமல் உடலை ஒட்டிய உட்பையில் வைப்பது நன்று. தண்ணீர், தூசி தாங்கும் தரத்தை ‘ஐ.பி.’ என்று குறிப்பார்கள். ஐ.பி. 54 என்றால் சாரல் தாங்கும், 67 அல்லது 68 என்றால் தண்ணீரில் விழுந்தாலும் சிறிது நேரம் தாங்கும். தோட்டத்தில் ஈரக் கையால் திரையைத் தொட்டால் சரியாக வேலை செய்யாது என்பதைப் பறிப்பவர்கள் நன்கறிவார்கள். அவசர எண்களைப் பக்கவாட்டுப் பொத்தான் மூலம் அழைக்கும் வசதியைப் பிள்ளைகளிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இலை நோயைப் படம் பிடித்து அனுப்ப ஒரு நல்ல கேமரா போதும்.

விலை குறையுமென்று எவ்வளவு நாள் பொறுப்பது? பண்டிகைத் தள்ளுபடிக்காக ஓரிரு மாதம் பொறுப்பதில் தவறில்லை. வரி குறையுமென்று காத்திருப்பதற்கு இப்போதைக்கு ஆதாரம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் தொலைக்காட்சிக்கும் ஜி.எஸ்.டி. குறைந்தபோது செல்போன் வரி 18 சதவீதத்திலேயே நின்றது. பழைய போன் வாங்குவோர் *#06# தட்டினால் திரையில் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று தட்டி, இடம் விட்டு அந்த எண்ணையும் தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். திருட்டுப் போனா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எண் போனால் எல்லாம் போகும்

காத்திருக்கும் காலத்தில் விவசாயிகள் கோட்டை விடுவது இங்கேதான். போன் கெட்டுவிட்டதே என்று பழைய சிம்மைப் பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டில் உள்ள மற்றொருவர் போனில் பேசிக்கொள்கிறார்கள். ரீசார்ஜும் நின்றுவிடுகிறது. பயன்பாடின்றி 90 நாட்களுக்கு மேல் கிடக்கும் எண் துண்டிக்கப்படலாம். பின்னர் அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். ஆதார், வங்கிக் கணக்கு, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பி.எம். கிசான், உழவன் செயலி எல்லாம் அந்த எண்ணோடு பிணைந்தவை. வங்கியிலிருந்து வரும் ரகசிய எண் முன்பின் தெரியாத ஒருவர் போனில் போய் விழும். மீண்டும் ஒவ்வோர் இடமாக எண்ணை மாற்றி முடிப்பதற்குள் எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆகவே பழைய சிம்மை ஒரு பட்டன் போனிலாவது போட்டு, ரீசார்ஜ் செய்து, வாரம் ஒருமுறையேனும் பேசி உயிரோடு வைத்திருக்க வேண்டும். டேட்டா தேவைப்படாதவர்களுக்காகப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைக் கம்பெனிகள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் ஆணையிட்டுள்ளது. கடைக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

கம்பெனியை மாற்றினாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் இந்த வசதி உண்டு. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று தட்டி, இடம் விட்டு, தம் பத்து இலக்க எண்ணையும் தட்டி 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாட்களுக்குச் செல்லும். அதற்குள் ஆதாருடன் புதிய கம்பெனி கடைக்குச் செல்ல வேண்டும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாற்றம் முடியும். மாறும் நேரத்தில் சில மணி நேரம் போன் பேசாதிருக்கும். பழைய சிம் தொலைந்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள விதிப்படி ஏழு நாட்களுக்குக் கம்பெனி மாற முடியாது. மாற்று சிம் போட்ட முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தியும் வராது. எனவே வங்கி வேலை, கடன் தவணை, மானிய விண்ணப்பம் ஆகியவற்றை முடித்துவிட்டு, இலை பறிக்காத நாளாகப் பார்த்து இதைச் செய்யுங்கள்.

ஒன்றுக்கு இரண்டு

வீட்டில் இருவர் போன் வைத்திருந்தால் இருவரும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2018 பிப்ரவரியில் நம் தமிழகத்திலேயே ஏர்செல் சேவை திடீரென முடங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். சிக்னல் இல்லாததால் கம்பெனி மாறுவதற்கான குறியீட்டைக் கூடப் பெற முடியாமல் வாடிக்கையாளர்கள் திண்டாடினார்கள். இரண்டாவது சிம் வேறு கம்பெனியாக இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

மலையில் இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2009 நவம்பர் 10-ஆம் நாள் கேத்தியில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். அந்த மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளால் பல உயிர்கள் பலியாயின, சாலைகளும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் மின்சாரம் நின்றால் கோபுரங்கள் பேட்டரியில் சில மணி நேரமே ஓடும். டீசல் கொண்டு செல்லச் சாலை இருக்காது. ஒரு கம்பெனியின் கோபுரம் அணைந்தாலும் எதிர்மலையில் உள்ள மற்றொன்று இயங்கக்கூடும். இரண்டு சிம் போடும் போனில் முதல் சிம் தோட்டத்துக்கு ஏற்றதாகவும், இரண்டாவது வேறு கம்பெனியின் குறைந்த ரீசார்ஜ் சிம்மாகவும் இருக்கட்டும். தம் கம்பெனி சிக்னல் அறவே இல்லாதபோதும் 112 என்ற அவசர எண்ணை அழைத்தால், கிடைக்கும் எந்தக் கம்பெனியின் கோபுரம் வழியாகவும் அழைப்பு செல்லும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இவ்விரு எண்களையும் பறிப்பு வேலைக்கு வருவோர் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

புதிய சிம் போட்ட பின்னும் பழைய நோட்டை எறிந்துவிடாதீர்கள். முன்பு மைனஸ் 95 காட்டிய இடத்தில் திடீரென மைனஸ் 112 காட்டினால் கோபுரத்தில் பழுது இருக்கலாம். தம் கம்பெனியின் 198 எண்ணை அழைத்து, இடம், நாள், நேரம், சிக்னல் எண் ஆகியவற்றைச் சொல்லிப் புகாரைப் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டே எழுத வேண்டியிருக்கும். ஒரே சரிவில் உள்ள பத்துத் தோட்டக்காரர்கள் தனித்தனியே பதிவு செய்தால் பத்துப் புகார் எண்கள் கிடைக்கும்.